ஜீன், புரதம், குடல் கிருமி எல்லாம் ஒரே பேக்கேஜில்: எடுக்கலாமா, வேண்டாமா?

தயிர்சாதம்:
வணக்கம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எச்சிலில் ஜீன், மலத்தில் குடல் நுண்ணுயிரி, ரத்தத்தில் சில நூறு வேதிப்பொருள், எல்லாவற்றையும் அளந்து "மல்டி ஓமிக்ஸ்" என்று பெயர் வைத்து, கடைசியில் கணினியே ஒரு ரிப்போர்ட் தருமாம், எந்த நோய் எப்போது வரும் என்கிற அளவுக்கு. விலை ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலை. எனக்கு வயது 38. அப்பாவுக்கு 46-இல் சர்க்கரை வந்தது, பெரியப்பாவுக்கும் உண்டு. போன மாதம் ஆபீஸ் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ1சி) 5.8 சதவீதம். இந்தப் பேக்கேஜ் எடுத்தால் உருப்படியாக ஏதாவது தெரியுமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா? கூகிளில் தேடிப் பார்த்தேன், பாதி புரியவில்லை, மீதி விளம்பரம்.

ரவுட்டர்_ராஜா:
ஃப்ரிட்ஜே வாங்குங்க பாஸ்.

நிரல்வேலன்:
பெங்களூருவில் இந்த மாதிரி தரவை அலசுவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஜீனோம் என்பது பிறக்கும்போதே எழுதி வைத்த 300 கோடி எழுத்து, சாகும்வரை கிட்டத்தட்ட மாறாது. அதில் புரதம் செய்வதற்கான குறிப்பை வைத்திருக்கும் ஜீன்கள் 20,000 சொச்சம். அவற்றில் எது இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை, ஜீனிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. சொல்லும், ஓடியதில் என்ன உருவானது என்பதைப் புரதம் சொல்லும். இந்தப் புரதங்கள் உடைத்துப் போட்டது, கட்டி வைத்தது என்று ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை, கொழுப்பு, அமிலம் வகையறாதான் வளர்சிதைப் பொருள்கள். குடலில் குடியிருக்கும் பாக்டீரியா தனிக் கணக்கு. இதில் ஏதாவது ஒன்றை மொத்தமாக அளந்தால் ஓமிக்ஸ், ஒரே ஆளிடம் பலதையும் அளந்து சேர்த்துப் படித்தால் மல்டி ஓமிக்ஸ், அவ்வளவுதான்.

சேர்த்துப் படித்து என்ன ஆகப்போகிறது என்றால், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மைக்கேல் ஸ்னைடர் கதையைக் கேளுங்கள். மனிதர் தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டார். 14 மாதத்தில் 20 முறை ரத்தம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஆர்.என்.ஏ., புரதம், வளர்சிதைப் பொருள் என்று வரிசையாக அளந்தார்கள், கட்டுரை 2012-இல் செல் இதழில் வந்தது. ஜீனோமைப் படித்தபோதே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது, ஆனால் ஆள் குண்டு கிடையாது, யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நடுவில் ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் தொற்றியது. அதற்குப் பிறகு ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கி இறங்கவே இல்லை, மூன்று மாத சராசரி 6.7 வரை போய்விட்டது. சாப்பாட்டை மாற்றி, உடற்பயிற்சியைக் கூட்டி, பல மாதம் கழித்துதான் கீழே கொண்டுவந்தார். ஜீனை மட்டும் பார்த்திருந்தால் "வரலாம்" என்பதோடு நின்றிருக்கும். சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் "வந்துவிட்டது" என்பதோடு முடிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் எப்போது, எதை ஒட்டி ஏறியது என்பதைப் பார்க்க முடிந்ததே, அதுதான் விஷயம்.

தயிர்சாதம்:
அடேங்கப்பா. அப்ப எடுத்துவிடலாம் போலிருக்கே.

சோதனைக்குழாய்:
அவசரப்படாதீங்க. அவர் 20 முறை ரத்தம் கொடுத்திருக்கிறார். உங்களிடம் ஒரு முறை எடுப்பார்கள்.

நான் 22 வருடமாக ரத்தம் எடுத்து, சுற்றி, பிரித்து, எண்பது டிகிரி மைனஸில் அடுக்கி வைக்கிற ஆள். கணினியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதற்கு முன்னால் குழாயில் என்ன நடக்கிறது என்று தெரியும். ஒரு சம்பவம், எந்த இடம் என்று கேட்காதீர்கள். ஓர் ஆராய்ச்சிக்காக இரண்டு கூட்டத்திடம் ரத்தம் சேகரித்தோம். சர்க்கரை நோயாளிகள் காலையில் ஓ.பி.க்கு வருகிறவர்கள், ரத்தம் எடுத்த கால் மணி நேரத்தில் குழாய் சென்ட்ரிஃபியூஜில் போய்விடும். நோய் இல்லாதவர்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கேம்ப், மே மாதம், மின்விசிறி மட்டும்தான். வேன் டிரைவர் சாப்பிடப் போனவர் திரும்பி வர மூன்று மணி நேரம். குழாய்களெல்லாம் பந்திமேசை மேல் தெர்மகோல் தட்டில் வரிசையாக நிற்கின்றன, ஐஸ் மட்டும் இல்லை.

ரத்தத்தை வெளியே எடுத்துவிட்டோம் என்பதற்காகச் சிவப்பணு பட்டினி கிடக்காது. குழாய்க்குள்ளேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும், சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், தின்றதை லாக்டேட்டாக வெளியே தள்ளும். ஆறு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் ஸ்லைடு போட்டார்கள்: நோய் இல்லாதவர்களின் ரத்தத்தில் லாக்டேட் கணிசமாக அதிகம், இது சர்க்கரை நோயிலிருந்து காக்கும் புது அறிகுறியாக இருக்கலாமாம். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அது டிரைவர் சாப்பிட்ட பிரியாணி என்று எப்படிச் சொல்வது?

ரவுட்டர்_ராஜா:
பிரியாணி ஓமிக்ஸ் 😂

நிரல்வேலன்:
அக்கா, சிரித்துவிட்டேன். ஆனால் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த பிரச்சினைதான், இந்த மாதிரி வித்தியாசத்தைக் கணக்கு போட்டுக் கழிக்க வழி இருக்கிறது. ஒரே சமயத்தில், ஒரே விதமாகக் கையாண்ட மாதிரிகளை ஒரு பேட்ச் என்போம், அதனால் பேட்ச் கரெக்ஷன் என்று பெயர்.

சோதனைக்குழாய்:
நோயாளிகள் எல்லாரும் ஒரு பேட்ச், நோய் இல்லாதவர்கள் எல்லாரும் இன்னொரு பேட்ச். எதிலிருந்து எதைக் கழிப்பீர்கள் தம்பி?

நிரல்வேலன்:
…சரிதான். அந்த நிலைமையில் கழிக்க முடியாது. பேட்சை நீக்கினால் நோயும் கூடவே போய்விடும், விட்டுவைத்தால் எது நோய் எது வேன் என்று தெரியாது. பெரிய இடங்களிலும் நடந்த விஷயம்தான் இது. 2007-இல் நேச்சர் ஜெனட்டிக்ஸில் ஒரு கட்டுரை வந்தது, ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் ஆசிய வம்சாவளியினருக்கும் இடையே ஏகப்பட்ட ஜீன்களின் ஓட்டத்தில் வித்தியாசம் இருப்பதாக. அதே ஆண்டு வேறொரு குழு தரவைத் தோண்டிப் பார்த்தது. முதல் கூட்டத்தின் மாதிரிகளைப் பெரும்பாலும் 2003, 2004-இல் அளந்திருக்கிறார்கள், இரண்டாம் கூட்டத்தை 2005, 2006-இல். ஆக, இனத்தின் வித்தியாசமா, ஆண்டின் வித்தியாசமா என்று பிரித்துச் சொல்லவே வழியில்லை. நாங்கள் பயிற்சியில் புதியவர்களுக்குக் காட்டும் முதல் உதாரணமே இதுதான், அக்காவிடம் மாட்டிக்கொண்டபோதுதான் ஞாபகம் வருகிறது.

கணக்குப்பிள்ளை:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார் நான். வேன் நேரத்துக்கு வந்தாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 20,000 ஜீனை ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றுக்கு ஐந்து தற்செயல் பரவாயில்லை என்று விட்டால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் சுமார் 1,000 ஜீன் "ஆதாரத்தோடு" எழுந்து நிற்கும். அதற்குத் திருத்தம் உண்டு, எல்லாரும் போடுகிறார்கள், சரி. ஆனால் ஜீன், ஆர்.என்.ஏ., புரதம் என்று அடுக்கு ஏற ஏற அளக்கும் எண் கூடுகிறதே தவிர ஆள் கூடுவதில்லை. 60 பேரிடம் 30,000 விஷயம் அளந்தால், அந்த 60 பேரையும் நோயாளி, நோயாளி அல்லாதவர் என்று பிசகாமல் பிரிக்கும் சூத்திரம் ஒன்றல்ல, ஆயிரம் கிடைக்கும். 61-ஆவது ஆள் வந்ததும் எல்லாம் பல்லிளிக்கும். புதிய ஆள்களிடம் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் மாதிரி செய்தால் ஒரு மரியாதை உண்டு. 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயது வரையுள்ள 5 லட்சம் பேரைச் சேர்த்தார்கள். அதில் 54,219 பேரின் ரத்தத்தில் 2,923 புரதங்களை அளந்து 2023-இல் வெளியிட்டார்கள். அங்கே ஒரு புரதத்துக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு என்றால் கொஞ்சம் நம்பலாம். ஆனால் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர், அதிலும் தாமாக முன்வந்த, ஓரளவு ஆரோக்கியமானவர்கள். தயிர்சாதம் சாருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

பனங்கிழங்கு:
வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணத்தாள், இப்ப நோர்வேயில் ஒரு ஆய்வுகூடத்தில் வளர்சிதைப் பொருள்களை அளக்கிற வேலை. நீங்கள் எல்லாரும் பிழை விடுகிறதைப் பற்றியே கதைக்கிறீர்கள், சரியாக வந்த ஒன்றையும் சொல்ல வேணும்.

பழுதான மீனின் மணம் தெரியும்தானே? அது டிரைமெத்தில்அமீன் என்ற வாயு. இறைச்சி, முட்டை சாப்பிட்டால் அதில் உள்ள கார்னிட்டின், கோலின் என்பவற்றைக் குடல் பாக்டீரியாக்கள் பிடித்து அதே வாயுவாக மாற்றும். பிறகு கல்லீரலில் எஃப்.எம்.ஓ.3 என்ற ஜீன் செய்கிற நொதியம் அதை ஒட்சியேற்றி டி.எம்.ஏ.ஓ. என்ற மணமில்லாத பொருளாக ரத்தத்தில் விடும். அந்த ஜீன் பழுதாய்ப் பிறந்தவர்களுக்கு வாயு அப்படியே வியர்வையிலும் மூச்சிலும் வரும், பாவம், ஆளே மீன் மாதிரி மணக்கும், எவ்வளவு குளித்தாலும் போகாது. 2011-இல் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் குழு, ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. கூடினவர்களுக்கு இருதய நோய் கூட என்று நேச்சரில் எழுதினது. 2013-இல் அதே குழு, பல காலமாக இறைச்சி, பால், முட்டை தொடாத ஆள்களுக்குக் கார்னிட்டின் கொடுத்துப் பார்த்தால் டி.எம்.ஏ.ஓ. பெரிதாக ஏறவில்லை என்று காட்டினது, ஏனென்றால் அந்த வேலையைச் செய்கிற பாக்டீரியா அவர்களின் குடலில் போதிய அளவு இல்லை. பார்த்தீர்களோ, சாப்பாடு, பாக்டீரியா, மனித ஜீன், ரத்தத்துப் பொருள், நாலும் ஒரே கயிற்றில். ஒன்றை மட்டும் அளந்தால் இந்தக் கதை ஒருக்காலும் பிடிபட்டிராது.

ஆனால் இதிலேயே ஒரு முடிச்சும் இருக்கு. கடல் மீனில் டி.எம்.ஏ.ஓ. நேரடியாகவே இருக்கு. நான் மத்தியானம் மீன்குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு எக்கச்சக்கமாக ஏறி நிற்கும். அதற்காக மீன் இருதயத்துக்குக் கேடு என்று யாரும் சொல்வதில்லை, மறுவளமாகத்தான் சொல்கிறார்கள். அப்படியென்றால் டி.எம்.ஏ.ஓ. நோயைக் கொண்டுவருகிறதோ, இல்லை சிறுநீரகம் களைத்துப்போனதைக் காட்டுகிற வெறும் அடையாளமோ? அதைப் பற்றின சண்டை இன்னும் ஓயவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் பொருளுக்குச் சிவப்பு நிறம் அடித்திருந்தால், முதல் நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்களோ என்று பாருங்கள்.

ரவுட்டர்_ராஜா:
நெத்திலிக்கு ரெட் மார்க் போட்டால் நான் அந்தக் கம்பெனிமேல் கேஸ் போடுவேன். ஜோக் தனி, இந்தப் பதிவு சூப்பர் அக்கா.

தயிர்சாதம்:
எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். ஜீன், ஆர்.என்.ஏ., புரதம் என்று சங்கிலிதானே? ஆர்.என்.ஏ. கூடினால் புரதம் கூடும். அப்புறம் ஏன் எல்லாவற்றையும் தனித்தனியாக அளக்கணும்?

காய்ச்சல்_டாக்டர்:
நல்ல கேள்வி. தென்காசிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன், ஆராய்ச்சியாளன் இல்லை, ஆனாலும் இதற்குப் பதில் சொல்ல முடியும். ரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்று ஒன்று வருமே, அதைச் செய்வது கல்லீரல். செய்தபின் இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் சுற்றும். ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற ஆர்.என்.ஏ. பெரும்பாலும் வெள்ளையணுக்களுடையது. வெள்ளையணு அல்புமின் செய்வதில்லை. ஆக ஒரே குழாயிலிருந்து ஆர்.என்.ஏ.வும் புரதமும் எடுத்தாலும் ஒன்று வெள்ளையணுவின் கதை, இன்னொன்று கல்லீரலின் கதை. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று ஆச்சரியப்பட்டால் தப்பு நம்முடையது. ஒரே திசுவை எடுத்தாலும் முழுசாக ஒத்துப்போகாது. 2014-இல் பெருங்குடல், மலக்குடல் புற்றுக் கட்டிகளின் 95 மாதிரிகளில் புரதத்தை அளந்து, ஏற்கெனவே இருந்த ஆர்.என்.ஏ. தரவோடு ஒப்பிட்டார்கள். ஆர்.என்.ஏ.வை வைத்துப் புரதத்தின் ஏற்றத்தாழ்வை நம்பிச் சொல்ல முடியாது என்பதே முடிவு. மருந்து போய் உட்காருவது பெரும்பாலும் புரதத்தின் மேல்தான் என்பதால் புற்றுநோய்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

படுக்கைப் பக்கம் நிஜமாகவே உதவின ஒரு இடம் சொல்கிறேன். பிறவித் தசை நோய்களில் ஜீனைப் படித்தும் காரணம் கிடைக்காத குடும்பங்கள் நிறைய. ஊர் ஊராக அலைவார்கள், கையில் இவ்வளவு கனமான ஃபைல். 2017-இல் ஒரு குழு அப்படிப்பட்ட 50 பேரின் தசைத் துணுக்கில் ஆர்.என்.ஏ.வைப் படித்து, 35 சதவீதம் பேருக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஜீனில் யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் இருந்த ஓர் எழுத்துப் பிழை, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது வேண்டாத துண்டு ஒன்றைச் சேர்த்துவிடுகிறது. ஜீனில் அது ஒரு புள்ளி, ஆர்.என்.ஏ.வில் பட்டவர்த்தனம். கவனியுங்கள், தசையில் பார்த்ததால் தெரிந்தது. அந்த ஜீன்களில் பல ரத்தத்தில் ஓடவே ஓடாது. எச்சிலையும் மலத்தையும் கூரியரில் வாங்கிக்கொண்டு கணையத்தைப் பற்றி ஜோசியம் சொல்கிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
டாக்டர், எங்கள் பக்கத்து மக்களுக்கு என்று தரவு உண்டா? பல ஜீன் மாற்றங்களைக் கூட்டி நோய் வாய்ப்பைச் சொல்லும் எண்ணை ஜீன் மதிப்பெண் என்கிறார்களே, ஐரோப்பியரை வைத்துக் கட்டியது நமக்குச் சறுக்கும் என்று படித்தேன்.

காய்ச்சல்_டாக்டர்:
சறுக்கும்தான். 2019 கணக்குப்படி உலகில் இந்த ஜீன் தொடர்பு ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளி. நம் ரத்தத்தில் இருக்கிற சிலது அங்கே கண்ணிலேயே படாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த தண்டபாணி குழுவினர் 2009-இல் வெளியிட்டது ஞாபகம் இருக்கலாம்: இதயத் தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருப்பது, தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம். வைத்திருக்கிற எல்லாருக்கும் இதயம் கெடுவதில்லை, பலர் கடைசிவரை நன்றாகவே இருக்கிறார்கள். யாருக்குக் கெடுகிறது, ஏன் என்பதற்குத்தான் மற்ற அடுக்குகள் வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் ஜீனோமை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல தொடக்கம், ஆனால் அது ஓர் அடுக்குதான்.

சர்க்கரையைப் பொறுத்தவரை நம் நிலைமை தெரிந்ததே. சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கில் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், விளிம்பில் நிற்கிறவர்கள் 13 கோடிக்கும் மேல். தயிர்சாதம் சார், நீங்கள் அந்த 13 கோடியில் ஒருவர். அதைச் சொல்ல 118-உம் 5.8-உம் போதும். ஆமாம், ஒன்று கேட்க மறந்தேன், அந்தச் செக்கப்புக்கு முன்னால் காய்ச்சல் ஏதாவது வந்ததா?

தயிர்சாதம்:
வந்ததே! செக்கப்புக்குப் பத்து நாளைக்கு முன் வைரல் காய்ச்சல், ஒரு வாரம் படுத்த படுக்கை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிரல்வேலன்:
ஸ்னைடர் கதையில் அந்த வைரஸ்! அவருடைய குழுவே 2019-இல் நேச்சரில் அடுத்த கட்டத்தை வெளியிட்டது, 106 பேர், ஏறத்தாழ நாலு ஆண்டு, நன்றாக இருக்கும்போதும் சளி பிடித்தபோதும் தடுப்பூசி போட்டபோதும் எல்லா அடுக்கும் அளந்து. இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காதவர்கள், சளித் தொற்றின்போது மற்றவர்களைவிட வேறு விதமாக நடந்துகொண்டார்கள். இன்னொன்று, ஒரே ஆள் நாளுக்கு நாள் மாறுவதைவிட ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம்தான் பெரிது. அதனால் ஊர் சராசரியோடு உங்களை ஒப்பிடுவதைவிட உங்கள் பழைய எண்ணோடு உங்களை ஒப்பிட்டால்தான் மாற்றம் பளிச்சென்று தெரியும். எனக்கும் இந்த இழையில் இரண்டு நாளாக உறைத்துக்கொண்டிருப்பது இதுதான். நாங்கள் அடுக்கின் எண்ணிக்கையை நினைத்தே பெருமைப்படுகிறோம், மூன்று அடுக்கை ஆறாக்குவதில் குறியாக இருக்கிறோம். ஆறு அடுக்கை ஒரு நாள் அளப்பதைவிட இரண்டு அடுக்கை இருபது நாள் அளப்பது மேல்.

சோதனைக்குழாய்:
இருபது நாளும் ஒரே மாதிரி குழாயில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி சுற்றி. 🙂

ரவுட்டர்_ராஜா:
இப்படி வருடம் முழுக்க அளந்து ஆலோசனை சொல்ல அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கம்பெனி இருந்ததே, அரிவேல் என்று? லீராய் ஹூட் மாதிரி ஜீனோம் ஆய்வு ஜாம்பவான் சேர்ந்து 2015-இல் தொடங்கினது. 2019 ஏப்ரலில் கடையைச் சாத்திவிட்டார்கள். அளக்கிற செலவுக்கு வாடிக்கையாளர் கொடுக்கிற காசு கட்டுபடியாகவில்லை என்று அவர்களே சொன்னார்கள். சியாட்டிலிலேயே கட்டுபடியாகாதது இங்கே ஃப்ரிட்ஜ் விலைக்கு எப்படிக் கட்டுபடியாகிறது, உங்கள் ஜீனை வேறு யாருக்கு விற்பார்கள் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். நான் ஜோக்கடிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், இது சீரியஸ். பாஸ்வேர்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

காய்ச்சல்_டாக்டர்:
காய்ச்சலோ, சரியில்லாத தூக்கமோ வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கொஞ்ச நாள் ஏற்றிவிடும். மூன்று மாத சராசரி அவ்வளவு சீக்கிரம் மாறாது, சிவப்பணு 120 நாள் வாழ்வதால் அது பழைய கணக்கு. அதனால் 5.8 நிஜம், 118 சந்தேகம். இரண்டு மாதம் ஆகட்டும், நன்றாக இருக்கும்போது மறுபடி பாருங்கள், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதையும் சேர்த்து. அப்பாவின் கதையை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்ற அடுக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு யாராவது இலவசமாகக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், நமக்கும் தரவு வேண்டும்.

தயிர்சாதம்:
எல்லாருக்கும் நன்றி. பேக்கேஜ் எடுக்கவில்லை. இரவில் மூன்றாவது தட்டு தயிர்சாதத்தை விட்டேன், பெயரை மட்டும் மாற்றமாட்டேன்.

தயிர்சாதம்:
ஒன்பது வாரம் கழித்து வந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் 103, குளுக்கோஸ் குடித்தபின் 146, சராசரி 5.7. வீட்டுப் பக்கத்து லேபில் காலை ஆறரைக்குக் கொடுத்தேன், வரிசையில் நான்தான் முதல் ஆள்.

காய்ச்சல்_டாக்டர்:
இன்னும் விளிம்பில்தான் நிற்கிறீர்கள், நடையை விடாதீர்கள். ஆறு மாதத்தில் அடுத்தது.

சோதனைக்குழாய்:
முதல் ஆள் சரி. எடுத்த குழாய் எத்தனை மணிக்கு மெயின் லேபுக்குப் போனது? மூடி சாம்பல் நிறமா, வேறு நிறமா? சாம்பலில் ஃப்ளோரைடு இருக்கும், சிவப்பணுவின் வாயைக் கட்டும், அதுவும் முதல் ஒரு மணி நேரம் சரியாகக் கட்டாது. வேறு மூடி என்றால் 103 என்பது 110 ஆகவும் இருந்திருக்கலாம்.

தயிர்சாதம்:
மூடியைப் பார்க்கவில்லை அக்கா. ஊசி குத்தும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.